தொண்ணூற்றிரண்டு கிலோ

செஞ்சியில் இணைப்பு எடை அலுவலகம் என்று ஒன்று இருந்தது. ஐந்து நாற்காலி, ஐந்து ஆள், ஒரு தண்ணீர்ப் பானை. ஒரு மோட்டார் வண்டி இன்னொரு வண்டியை இழுத்துக்கொண்டு போவதானால், பின் வண்டியின் கனத்தை முன் வண்டி தாங்குமா என்று பார்த்துச் சான்றிதழ் தருவது அதன் வேலை. செஞ்சித் தாலுகாவில் அப்படி இழுத்துக்கொண்டு போனவன் ஒருவனும் கிடையாது. அதனால் என்ன, அலுவலகம் ஒன்பது வருஷமாக நடந்தது. முதல் மூன்று வருஷம் விதிகளை ராத்தலில் எழுதினார்கள். அடுத்த மூன்று வருஷம் ராத்தலைக் கிலோவாக மாற்றினார்கள். கடைசி மூன்று வருஷம் மாற்றியது சரியா என்று பார்த்தார்கள். அங்கே வேலை இல்லை என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கு அழுகிப்போகும்.

இந்த நிம்மதியில் வந்து விழுந்தவர் சர்தார் பாய். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வாடகைக் கார் வைத்திருந்தார். ஊரில் எல்லோரும் அதைப் பிளஷர் என்பார்கள். அறுபத்தாறாம் வருஷம் மாசியில் கோட்டையைப் படம் வரைய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தது. காருக்குப் பின்னால் ஒரு சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வந்த இடத்தில் அவர்கள் கார் உயிரை விட்டது. இருபது நாள் சர்தார்தான் தன் பிளஷரில் அவர்களை ஏற்றி இறக்கினார். திண்டிவனத்தில் ரயில் ஏறும்போது அந்த வெள்ளைக்காரர், வீட்டை நீயே வைத்துக்கொள் என்று கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே ஒரு அடுப்பு, ஒரு அலமாரி, ஜன்னல் ஓரமாக ஆள் நீட்டிப் படுக்க ஒரு கட்டில். சர்தாரின் கண்ணுக்குக் கட்டில் மட்டும்தான் தெரிந்தது.

அவர் சம்சாரம் கமருன்னிசா நாலு வருஷத்துக்கு முன்னால் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவள். படுக்க முடியும், உட்கார முடியாது. பிளஷரில் காலை நீட்ட இடமில்லை. மாட்டு வண்டியில் ஒரு தரம் ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு மைல் போவதற்குள் வலியில் உதட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டாள். ஒரே மகள் முன்னியை ஆரணியில் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் ஆகவேண்டும். தாயையே இன்னொருத்தி புரட்டிப் படுக்க வைக்கும் வீட்டுக்கு மகளை எப்படி அழைப்பது? ஆரணியிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. முன்னி எழுதியிருந்தாள்: அம்மா வேலை ஒண்ணும் செய்ய வேணாம், கைய மட்டும் புடிச்சிக்கட்டும்.

புரட்டாசிக் கடைசியில் நாள் குறித்திருந்தது. ஆனி மாசத்திலேயே சர்தார் மனுவோடு போய் நின்றார்.

ஒன்பது வருஷத்தில் முதல் மனு. ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். எடைக் குமாஸ்தா பாவாடை மனுவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினான். இணைப்பு எடை அலுவலர் சுந்தரமூர்த்தி கனமான மனிதர், பேச்சிலும்தான். மனுவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டார்.

"முன் வண்டி எடை என்ன?"

"ஆயிரத்து நூறு கிலோங்க. கம்பெனி புஸ்தகத்துல போட்டிருக்குது."

"பாய், வண்டியைச் செய்தவன் கம்பெனிக்காரன். அவனுக்கு எடை தெரிந்திருக்கலாம். எடை தெரிவது வேறு, எடை நிர்ணயிப்பது வேறு. அதற்குத்தானே அரசாங்கம் எங்களை உட்கார வைத்திருக்கிறது?"

பின் வண்டி கனத்தால் முன் வண்டியை ஆட்டிப் படைக்கும், இறக்கத்தில் பிடித்துத் தள்ளும் என்பதை சர்தாருக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன் வண்டியின் எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் பின் வண்டி இருக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். அது அகப்பட்டுக்கொண்ட இடம்தான் சரியில்லை. ஆயிரத்து நூறுக்குத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து வரை இழுக்கலாம். சக்கர வீடு எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து. அதில் கமருன்னிசா ஏறிப் படுத்தால் எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி.

"அந்தம்மாளை நிறுக்க வேண்டும்" என்றார் சுந்தரமூர்த்தி.

அலுவலகத்தில் தராசு கிடையாது. ஒன்பது வருஷமாக ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. கடைத்தெரு மணிலாக்கொட்டை மண்டியில் இருந்த மேடைத் தராசுக்குக் கமருன்னிசாவைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிப் போனார்கள். பட்டப்பகல். மண்டி முழுக்க ஜனம். நாலு வருஷமாக வெளி ஆண்கள் கண்ணில் படாத பொம்பளை, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தாள். சுந்தரமூர்த்தி குனிந்து பார்த்துப் பாவாடையிடம் கேட்டார்.

"இது மூச்சை இழுத்த எடையா, விட்ட எடையா?"

"தெரிலீங்க."

"இரண்டையும் எழுது."

இரண்டும் நாற்பத்தேழுதான். படிவத்தில் ஆளுக்குக் கட்டம் கிடையாது. சரக்கு என்ற கட்டத்தில் பாவாடை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான்: சரக்கு, ஒன்று. முக்காட்டுக்குள்ளிருந்து கமருன்னிசா அதைக் கேட்டுக்கொண்டாள்.

மொத்தம் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. ஏழு கிலோ அதிகம். சர்தார் ராத்திரியோடு ராத்திரியாக அடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் போய் நின்றார். அடுப்பு மட்டுமே பன்னிரண்டு கிலோ.

"அடுப்பு இல்லாவிட்டால் அது வீடு இல்லையே. நீர் மனு கொடுத்தது சக்கர வீட்டுக்கு. அடுப்பை மாட்டும். பின் வண்டியைக் குறைக்க விதியில் இடமில்லை. முன் வண்டியைக் கூட்டத் தடையில்லை."

சொன்னவர் படித்த மனிதர். சர்தார் போய் அடுப்பை மாட்டினார். சக்கராபுரத்துப் பக்கம் கிடந்த இரண்டு கருங்கல்லைப் பிளஷரின் டிக்கியில் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"இந்தக் கல் கோட்டைக் கல் இல்லை என்று தொல்பொருள்காரர்களிடம் எழுதி வாங்கி வந்தீரா?"

"ரோட்டோரக் கல்லுங்க."

"செஞ்சியில் எந்தக் கல்லை நம்ப முடியும்? தவிரவும் இது ஆடுகிறது. வண்டியை விட்டுப் பிரியாமல் இருப்பது எதுவோ அதுதான் வண்டி. நானே எழுதிய விதி. கல்லைக் கீழே போடும்."

கல்லைக் கீழே போட்டார். இப்படி ஆடி போய் ஆவணியும் முக்கால்வாசி போயிற்று. ஒரு நாள் உச்சி வேளையில் பிளஷரை நிறுக்க மண்டிக்கு வரச் சொன்னார்கள். ஒவ்வொரு சக்கரமாகத் தராசில் ஏற்றி, நாலையும் கூட்டி எழுத வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. அலுவலர் வெயிலில் நிற்கலாமா? சுந்தரமூர்த்தி பிளஷரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, விசிறிக்கொண்டே நாலு சக்கரத்தையும் நிறுக்க வைத்தார். மொத்தம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வந்தது.

பாவாடை தலையைச் சொறிந்தான். "ஐயா கொஞ்சம் எறங்கினாக்கா..."

"உன் வேலையைப் பார். பாய், கவனித்தீரா? கல்லும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். முறையாக நிறுத்தால் எடை தானாக வரும்."

பாவாடையும் சர்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சர்தார் நாலாவது சக்கரத்தைத் தராசிலிருந்து இறக்கினார். எப்படியாவது மகளிடம் போய்ச் சேர்ந்தால் போதும் அவருக்கு.

"அப்போ கெளம்பலாங்களா?"

"ஆட்சேபணைக் காலம் என்று ஒன்று இருக்கிறதே. மனுவைப் பலகையில் ஒட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டும். இந்த இணைப்பால் தங்களுக்குப் பாதகம் என்று எவராவது சொல்லலாம்."

"யாருங்க சொல்லப்போறாங்க? மகளுக்குத் தலைப்பிரசவம் சார். நாளு நெருங்கிடுச்சி. அது தாய்க்காகத்தான் காத்துக்கினு இருக்குது."

"மனு கொடும். மனு கொடுப்பது உமது உரிமை. பதில் சொல்வது எங்கள் உரிமை."

சொன்னதோடு விடவில்லை. சக்கர வீட்டின் கொக்கியில் கயிற்றைச் சுற்றி அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். முத்திரை உடைந்தால் பிளஷரின் பெர்மிட் போகும், வாடகை ஓட்டவே முடியாது என்று எழுதியும் கொடுத்தார்கள். அடுத்தடுத்து மூன்று மனு கொடுத்தார் சர்தார். முதல் மனுவில் பிரசவம் என்று இருந்தது. அப்படி ஒரு கட்டம் இல்லை என்று திரும்பியது. இரண்டாவதில் அவசரம் என்று இருந்தது; எவ்வளவு அவசரம் என்று கேட்டுத் திரும்பியது. மூன்றாவது திரும்பவே இல்லை.

நாள் குறித்ததற்குப் பத்து நாள் முன்னாலேயே ஆரணியிலிருந்து தந்தி வந்தது. முன்னிக்கு இரண்டு பகல் ஒரு ராத்திரி வலி. பக்கத்தில் மருத்துவச்சி இருந்தாள், மாமியார் இருந்தாள். அம்மா வந்தாச்சா, அம்மா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். வந்துகினு இருக்காங்க என்று சொல்லிச் சொல்லி ஏமாற்றினார்களாம். குழந்தை தங்கவில்லை.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

நாலாம் நாள் சான்றிதழ் வந்தது. சந்தனம் வைத்த உறையில், பாவாடையே கொண்டுவந்து கொடுத்தான். அதன் மேல் சிவப்பு மையில் குறுக்காக எழுதியிருந்தது: பயணத்தின் காரணம் தீர்ந்துவிட்டபடியால் நடைமுறைக்கு அல்ல. சர்தார் அதைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க. இப்பிடி குடுங்க" என்றாள் கமருன்னிசா.

வாங்கி, எழுத்துக்கூட்டி, இரண்டு பக்கமும் மூன்று தரம் படித்தாள். படுத்துக் கிடப்பவளுக்கு வேறு என்ன வேலை? பிறகு கேட்டாள்.

"நம்ம பிளஷரு ஆயிரத்து நூறுதானே. இதுல தொண்ணூத்திரண்டு ஜாஸ்தி போட்டிருக்குது. இன்னா அது?"

"நிறுக்கறப்போ அந்த ஆளு உள்ள உக்காந்துகினு இருந்தான்."

அவள் சான்றிதழைத் திருப்பி விரல் வைத்துக் காட்டினாள். "மேற்படி எடையில் ஒரு கிலோ குறைந்தாலும் இணைப்பு நகரக் கூடாது, நின்ற இடத்திலும் குறையக் கூடாதுன்னு எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கான் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். சான்றிதழை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முன்னி கடுதாசி போடவில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று ஆரணியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கமருன்னிசா ராவெல்லாம் விழித்துக் கிடந்தாள். அழவில்லை.

தை மாசத்தில் இணைப்பு எடை அலுவலகத்துக்குப் பத்தாம் ஆண்டு விழா வந்தது. மெட்ராஸிலிருந்து பெரிய இயக்குநர் வருகிறார். ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் பந்தல், மைக்கு, நாதஸ்வரம். அன்றைக்கு சுந்தரமூர்த்திக்கு மெட்ராஸ் ஆபீசுக்கு உயர்வு என்று பேச்சு. பத்து வருஷ வேலையை இயக்குநர் கண்ணால் பார்க்க வேண்டாமா? முன் வண்டி பின் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும். ஊருக்கே அப்படி இருந்தது ஒன்றுதான். சுந்தரமூர்த்தி சர்தார் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"பாய், விழாவுக்கு வண்டி தந்து உதவ வேண்டும்."

சர்தார் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து கமருன்னிசாவின் குரல் வந்தது. "குடுக்கறோம் சார். அந்தச் சான்றிதழ்ல செவப்பு மையில எழுதினதை மட்டும் அடிச்சிட்டு, அஞ்சு வருஷத்துக்கு எந்த ஊருக்கும், எந்தக் காரணத்துக்கும் செல்லும்னு எழுதிக் குடுங்க. அதுல ஒரு எழுத்து மாத்தாம நடந்துக்கறோம்."

இதில் என்ன நஷ்டம் என்று சுந்தரமூர்த்தி வாசலில் நின்றபடியே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். குத்தின முத்திரையை வாயால் ஊதிக் காயவும் வைத்தார்.

விழா அன்று பாவாடை வந்து கொக்கியின் அரக்கு முத்திரையை நீக்கிவிட்டுப் போனான். கமருன்னிசாவைச் சக்கர வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்து, கொக்கியை மாட்டி, சர்தார் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தினார். முன் கதவைத் திறந்து, "வாங்க சார், நீங்க முன்னால உக்காந்தாதான் வண்டிக்கு மரியாத" என்றார். சுந்தரமூர்த்திக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஏறி உட்கார்ந்து, தோளில் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். நாதஸ்வரம் முன்னால் போக, கடைத்தெரு வழியாக ஊர்வலம் போயிற்று. மணிலாக்கொட்டை மண்டியைத் தாண்டும்போது கமருன்னிசா முக்காட்டை விலக்கி ஜன்னல் வழியாக ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

பந்தலில் இயக்குநர் மாலையோடு நின்றிருந்தார். சுந்தரமூர்த்தி கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

"சார், எறங்காதீங்க" என்றார் சர்தார், மைக்குக்கும் கேட்கிற குரலில். "நீங்க எறங்கினாக்கா முன் வண்டி எடை தொண்ணூத்திரண்டு கிலோ கொறஞ்சிடும். நின்ன எடத்துலயும் கொறயக் கூடாதுன்னு உங்க கையெழுத்து இருக்குது. என் பெர்மிட் பூடும்."

"விளையாடாதீர். கொக்கியைக் கழற்றும்."

பின்னாலிருந்து சக்கர வீட்டின் ஜன்னல் பேசியது. "கழட்டறதுக்குத் தனி மனு குடுக்கணும் சார். பலகைல ஒட்டி முப்பது நாள். சான்றிதழ் பின்பக்கத்துல நீங்கதான் எழுதியிருக்கீங்க."

இயக்குநர் மேடையை விட்டு இறங்கி வந்தார். விதி என்ற சொல் காதில் விழுந்தால் சும்மா நிற்கிறவர் இல்லை அவர். ஜன்னல் வழியாகச் சான்றிதழை வாங்கி, வரிக்கு வரி படித்து, பாவாடையைக் கூப்பிட்டார்.

"இந்தத் தொண்ணூற்றிரண்டு கிலோ என்ன?"

பாவாடை பத்து வருஷமாகக் காத்திருந்தவன் போல நிதானமாகச் சொன்னான். "ஐயாதாங்க."

கூட்டம் சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. அவர் மைக்கின் முன்னால் போய் நின்றார்.

"பெரியோர்களே. இந்தச் சான்றிதழ் தவறு என்றால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இந்த அலுவலகம் பத்து ஆண்டில் தந்த சான்றிதழ் ஒன்றே ஒன்று. அது தவறு என்றால் நமது பணி நூற்றுக்கு நூறு தவறு. அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சொல்கிறவருக்கு என் நாற்காலியும் இருக்காது. ஆகவே சான்றிதழ் சரி. சான்றிதழ் சரி என்றால் வண்டியின் எடை சரி. எடை சரி என்றால் திரு. சுந்தரமூர்த்தி வண்டியில் சேர்ந்தவர். வண்டியை விட்டுப் பிரியாமல் இருப்பது எதுவோ அதுவே வண்டி என்று அவரே அழகாக எழுதியிருக்கிறார். இப்படித் தன்னையே விதிக்குக் கொடுத்த அதிகாரியை நான் பார்த்ததில்லை. வண்டியின் பாகத்துக்குப் பதவி உயர்வு தர விதியில் இடமில்லை. விடுப்புக்கும் இடமில்லை. நாளை முதல் அவருக்குப் பணியிடம் இந்த முன் சீட்டு. பாவாடை பொறுப்பு அலுவலர்."

கைதட்டல் கோட்டையில் மோதித் திரும்பி வந்தது. சுந்தரமூர்த்தி காருக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். நாதஸ்வரத்தில் காதில் விழவில்லை. கொண்டுவந்த மாலையை வீணாக்காமல் பிளஷரின் பானட்டில் போட்டார்கள்.

செஞ்சிக்குள் மட்டும் கொக்கியை மாட்டவும் கழற்றவும் மனு வேண்டாம் என்று பாவாடை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் சர்தார் கொக்கியை மாட்டும் நாளெல்லாம் காலை ஆறு மணிக்கு சுந்தரமூர்த்தி முன் சீட்டில் இருக்க வேண்டும். வராவிட்டால் உறுப்புக் குறைவு என்று பாவாடை எழுதிவிடுவான். அவர் இளைத்துவிடக் கூடாது என்பதால் மாதம் ஒரு தரம் மண்டித் தராசில் நிறுத்தார்கள். ஒரு தரம் இரண்டு கிலோ குறைந்திருந்தது. இரண்டு கருங்கல்லை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், கோட்டைக் கல் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு. அவலூர்ப்பேட்டையில் சர்தாருக்கு ஒரு ஜோலியும் இல்லை. சந்தை நாளாகப் பார்த்து நாலு தரம் போனார், மாட்டுச் சந்தைக்கு நடுவில் நிறுத்திவிட்டு நிதானமாக டீ குடித்தார். நல்லா வேண்டும் என்பவர்கள் என்னோடு சேர்ந்துகொள்ளலாம்.

ஆனால் முதல் பயணம் ஆரணிக்குத்தான். விழாவுக்கு மறுநாளே. சேத்துப்பட்டு வழியாக, குழி மேடு பார்த்து, சக்கர வீடு அலுங்காமல் ஓட்டினார் சர்தார். முன்னியின் வீட்டு வாசலில் நிறுத்தியபோது உச்சி வெயில். முன்னி நிலைப்படியில் நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே சக்கர வீட்டுக்குள் ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. பிறகு நாலு மாசம் பேசாதவள் அழத் தொடங்கினாள். கூடவே கமருன்னிசாவும் அன்றைக்குத்தான் அழுதாள். கட்டில் ஓரத்தில் மகளின் தலையைச் சேர்த்து வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சர்தார் ஒரு வேப்பமர நிழலில் குந்தினார். பிளஷர் வெயிலில் நின்றது. ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று. சுந்தரமூர்த்தி சீட்டில் இப்படியும் அப்படியும் நெளிந்தார். கடைசியில் தலையை வெளியே நீட்டினார்.

"பாய், ஒரு நிமிஷம். ஒதுங்கவேண்டும். அவசரம்."

சர்தார் எழுந்து போய்ச் சக்கர வீட்டு ஜன்னலைத் தட்டினார். "சார் எறங்கணுமாம். அவசரமாம்."

உள்ளே அழுகை நின்றது. ஜன்னல் திறந்தது. கமருன்னிசா முக்காடு போடவில்லை. ஆறேழு மாசத்துக்கு முன்னால் சரக்கு என்று எழுதப்பட்டவள், முன் சீட்டை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள்.

"எவ்வளவு அவசரம்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. மனு குடுக்கறது அவுரு உரிமை. பதில் சொல்றது எங்க உரிமை."

ஜன்னல் சாத்திக்கொண்டது. சுந்தரமூர்த்தி பையிலிருந்து காகிதம் எடுத்து, மடியில் வைத்து எழுதினார். சர்தார் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்து மரத்தடியில் குந்தினார். உள்ளே அம்மாவும் மகளும் பேச ஆரம்பித்திருந்தார்கள். அது இப்போதைக்கு முடிகிற பேச்சு இல்லை.